பாடியது யார்?

டிசம்பர் பிறந்துவிட்டால் கோப்பிக்கடை நண்பர்கள் முதல் வீட்டுப் பிள்ளைகள் வரை என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வருசம் எந்த ஆல்பம் நல்லா இருந்துச்சு?" பதிலுக்கு நான் ஒரு பெயரைச் சொன்னால், "அட, அதுவா!" என்று முகத்தைச் சுளிப்பவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சண்டைக்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் எனக்கு இரண்டாவது கோப்பி வரும்.

நான் சங்கீதம் படித்தவன் அல்லன். ராகம் கண்டுபிடிக்கச் சொன்னால் மோகனத்துக்கு மேல் போகமாட்டேன். வெறும் கேட்பவன். ஆனால் கேட்பதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, எதையும் தாண்டாமல் மூன்று முறை கேட்க வேண்டும். அதில் ஒரு முறையாவது காரில் கேட்க வேண்டும். காலை வேளையில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரியும், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு முழு ஆல்பம் தாராளமாக முடிந்துவிடும்.

அப்படிக் கேட்ட கணக்கில் 2024-ஐப் பார்க்கும்போது தமிழ், ஆங்கிலம், உருது, பஞ்சாபி என்று மொழி எதுவானாலும் ஒரே கேள்வி என்னைத் துரத்தியது. பாடியது யார்? ஏன் இந்தக் கேள்வி என்று கட்டுரையின் பின்பாதியில் சொல்கிறேன். முதலில் ஆல்பங்கள்.

எட்டும் முப்பத்தொன்றும்

டெய்லர் சுவிஃப்ட் மார்ச் மாதம் சிங்கப்பூர் தேசிய அரங்கத்தில் ஆறு இரவுகள் பாடினார். தென்கிழக்காசியாவில் அவர் வந்த ஒரே இடம் அதுதான். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் போய்க் கேட்டு வந்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், ஏப்ரல் 19-இல் 'தி டார்ச்சர்டு போயட்ஸ் டிபார்ட்மென்ட்' வந்தது. 16 பாட்டு. இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் 15 பாட்டு. மொத்தம் 31. கல்யாணப் பந்தியில் ஐந்தாவது முறையும் சோறு போட வந்தால் இலையைக் கையால் மறைப்போமே, எனக்கு அந்த நிலைமைதான். நல்ல பாட்டுகள் உள்ளே இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பொறுக்கி எடுக்கும் வேலையை ரசிகன் தலையில் கட்டியிருக்கிறார்.

அடுத்த மாதமே பில்லி ஐலிஷ் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' ஆல்பத்தைப் பத்தே பாட்டுடன் முடித்துக்கொண்டார். அண்ணன் ஃபினியஸும் தங்கையும் சேர்ந்து செய்த வேலை. முன்கூட்டி ஒரு பாட்டைக்கூட வெளியிட்டு ஆசை காட்டவில்லை. மொத்தமாகக் கேளுங்கள் என்று கொடுத்தார். கிசுகிசுப்பாகவே பாடும் பெண் என்று நினைத்திருந்தவர்களுக்கு, இதில் அவர் குரலை முழுதாகத் திறக்கும் இடங்கள் ஆச்சரியமாக இருக்கும்.

இதையும் விடச் சிறியது நவம்பர் முதல் நாள் வந்தது. 1970-களின் இறுதியில் தொடங்கிய இங்கிலாந்து ராக் குழு 'தி கியூர்'. அவர்களின் முந்தைய ஆல்பம் வந்தது 2008-இல். 16 ஆண்டுகள் கழித்து 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' என்று எட்டுப் பாட்டு கொடுத்திருக்கிறார்கள். முதல் பாட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் இசைதான். அதன் பிறகே ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கிறார். மனிதருக்கு 65 வயது. இடைப்பட்ட காலத்தில் தாய், தந்தை, அண்ணன் மூவரையும் இழந்தவர். அண்ணனுக்காகவே ஒரு பாட்டு இருக்கிறது. ஒப்பாரி தெரிந்த இனம் நாம். மொழி புரியாமலே அந்தப் பாட்டு நமக்குப் புரியும். இவ்வாண்டின் ராக் ஆல்பங்களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான்.

நடனக் கூடத்து இசையில் பெயர் போட்டது சார்லி எக்ஸ்சிஎக்ஸின் 'பிராட்'. எலுமிச்சைப் பச்சை அட்டையைப் பார்த்திருப்பீர்கள். காலின்ஸ் அகராதி 2024-இன் சொல்லாக அந்தத் தலைப்பையே தேர்ந்தெடுத்தது. சத்தமும் அட்டகாசமுமாகப் போகும் ஆல்பத்தின் நடுவே ஒரு பாட்டு சட்டென்று தணிகிறது. 2021-இல் விபத்தில் இறந்த இசைத் தயாரிப்பாளர் சோஃபியை நினைத்து, உயிரோடு இருந்தபோது இன்னும் நெருங்கியிருக்கலாமே என்று வருந்தும் பாட்டு. பிள்ளைகள் அதைத் தாண்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறார்கள். போகாதீர்கள் என்பேன்.

இரண்டு பெண்கள், இரண்டு கதவுகள்

பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' மார்ச் இறுதியில் வந்தது. அமெரிக்கக் கண்ட்ரி இசை என்றால் வெள்ளையர் சொத்து என்ற எண்ணம் அந்நாட்டில் வெகு காலமாக ஊறியது. அந்த இசையின் அடையாளமான பாஞ்சோ வாத்தியமோ, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழி வந்தது. பியான்சே அந்தக் கதவை உடைத்து உள்ளே போனார். கண்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். ஆனாலும் செப்டம்பரில் கண்ட்ரி இசைச் சங்க விருதுப் பட்டியல் வந்தபோது அவர் பெயர் ஒரு பிரிவில்கூட இல்லை. நவம்பரில் கிராமி பட்டியல் வந்தது. அதில் 11 பரிந்துரைகள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை விளங்கும்.

27 தடங்கள் கொண்ட ஆல்பம் இது. நீளம்தான். ஆனால் இங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம். லிண்டா மார்டெல் என்ற அம்மையாரை இதில் பேச வைத்திருக்கிறார். 1970-இல் ஒரே ஒரு கண்ட்ரி ஆல்பம் போட்டுவிட்டு, நிறத்தின் காரணமாக ஒதுக்கப்பட்டு, இசையுலகம் மறந்துவிட்ட பாடகி. இந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 82. இசையை வகை வகையாகப் பிரிப்பது எவ்வளவு வேடிக்கை என்று அவர் சொல்வதைக் கேட்கும்போது, 50 ஆண்டுக் கோபம் நிதானமாக வெளியே வருகிறது. அதே ஆல்பத்தில், பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைத் தன்னோடு பாட நான்கு இளம் கறுப்பினக் கண்ட்ரி பாடகிகளை அழைத்திருக்கிறார். மூத்தவருக்கு உயிரோடு இருக்கும்போதே மரியாதை, இளையவர்களுக்கு வாய்ப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இன்னொருவர் நியூயார்க்கில் வாழும் பாகிஸ்தானியப் பாடகி ஆரூஜ் அஃப்தாப். 'நைட் ரெய்ன்' ஆல்பத்தில், 1824-இல் மறைந்த ஐதராபாத் பெண் கவி மஹ் லகா பாயின் உருது வரிகளை எடுத்துப் பாடுகிறார். ஜாஸ் வாத்தியங்கள் மெல்ல நடக்க, குரல் அதன்மேல் அவசரமில்லாமல் மிதக்கிறது. அந்த அம்மாள் மறைந்து சரியாக 200 ஆண்டுகள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய ஆல்பம்.

நம் பக்கம்

தமிழில் இப்போது ஆல்பம் என்பதே அரிதாகி வருகிறது. படம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு 'முதல் சிங்கிள்', பிறகு 'இரண்டாவது சிங்கிள்' என்று தவணை முறையில் பாட்டு வருகிறது. கடைசிப் பாட்டு வரும்போது முதல் பாட்டு அலுத்துவிடுகிறது. ஒலிநாடாக் காலத்தில் 'ஏ' பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டு, ஐந்து பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டவர்களுக்கு இது பெரிய இழப்பு.

அப்படியும் சில தொகுப்புகள் மனத்தில் நின்றன. 'மெய்யழகன்' படத்துக்குக் கோவிந்த் வசந்தா தந்த இசை அவற்றில் முதன்மையானது. அதில் கமல்ஹாசன் பாடியிருக்கிறார். 70-ஐத் தொடப் போகும் வயதில், கொஞ்சம் கரகரத்து, கொஞ்சம் நடுங்கும் குரல். ஊரை விட்டுப் போனவனின் வலியைப் பாட அந்த நடுக்கம்தான் பொருத்தம். மெருகு போட்ட இளங்குரல் ஒன்று பாடியிருந்தால் பாட்டு செத்திருக்கும். தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தில் ஜி.வி.பிரகாஷ்குமாரின் மெட்டுகளும் நெடுநாள் நிற்கும்.

படத்துக்கு வெளியே அறிவு தந்த 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த யாரும் தவறவிடக் கூடாது. வள்ளியம்மா என்பது அவருடைய பாட்டியின் பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பியவர். தேயிலை இருந்த இடத்தில் பால்மரத்தை வைத்துப் பாருங்கள், நம் பாட்டிமார் கதையும் அதேதான். தமிழ் ராப் நமக்குப் புதிதல்ல. நம் நாட்டு யோகி பி - நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' 2006-இலேயே வழி காட்டியது. இன்றைய நம் உள்ளூர் இளைஞர்கள் தீபாவளிக்கு ஒரு தனிப்பாட்டோடு நின்றுவிடாமல், அப்படி ஒரு முழு ஆல்பம் போடும் தைரியத்துக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

ஏ.ஆர்.ரஹ்மான் ரசிகர்களுக்கு இவ்வாண்டின் பரிசு தமிழில் அல்ல, பஞ்சாபி மணக்கும் 'அமர் சிங் சம்கிலா' படத்தில் கிடைத்தது. சம்கிலா 1988-இல், 27 வயதில், மனைவி அமர்ஜோத்தோடு சுட்டுக் கொல்லப்பட்ட பஞ்சாபின் மக்கள் பாடகர். படத்தில் அவர்கள் மேடையில் பாடிய பாட்டுகளை நடிகர்கள் தில்ஜித் தோசாஞ்சும் பரிணீதி சோப்ராவும் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாடிப் பதிவு செய்தார்கள். மூச்சு வாங்குவது கேட்கிறது. குரல் சற்றுப் பிசிறுவதும் கேட்கிறது. செத்துப்போன பாடகனை மீண்டும் பாட வைக்க இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இயந்திரத்தில் வந்தவர்கள்

ஆனால் இதே ஆண்டில், இதே ரஹ்மான் வேறு ஒரு வழியையும் கையாண்டார். 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலும் ஒலித்தன. பம்பா பாக்யா 2022-இல் மறைந்தவர். சாகுல் ஹமீது 1997-இலேயே போய்விட்டார். செயற்கை நுண்ணறிவு கொண்டு குரலைச் செய்திருந்தார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். அது நேர்மையான செயல். எல்லாரும் அப்படி நடப்பதில்லை. தந்தை எஸ்.பி.பி.யின் குரலைக் கேளாமல் செய்துவிட்டதாக ஒரு தெலுங்குப் படக் குழுவுக்கு அவர் மகன் சரண் இவ்வாண்டு தொடக்கத்தில் சட்ட அறிவிப்பு அனுப்ப வேண்டி வந்தது.

ஜனவரியில் பவதாரிணி மறைந்தார். ஜூன் மாதம் 'கோட்' படத்தில் தம்பி யுவன்சங்கர் ராஜா அக்காவின் குரலை மீட்டுக் கொண்டுவந்து, விஜய்யோடு பாட வைத்தார். அக்கா உடல் தேறி வந்து பாடுவார் என்று வைத்திருந்த பாட்டு அது. இங்கே என் வாய் கொஞ்சம் அடைத்துப் போகிறது. ஒரு தம்பியின் துக்கத்துக்கு மதிப்பெண் போட நான் யார்?

பிறகு செப்டம்பரில் வந்தது 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ'. இது நம் வீட்டு விவகாரம். 2011-இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரலை அதில் உருவாக்கினார்கள். மகன் யுகேந்திரனும் கூடவே பாடியிருக்கிறார். ரஜினிக்கு வாசுதேவன் குரல் என்றால் 'முரட்டுக்காளை' நாளிலிருந்து பொங்கல் தவறாமல் கேட்கும் பொருத்தம். அனிருத்தின் கணக்கு புரிகிறது. நம் வானொலிகளில் பாட்டு ஓடியது, விருந்துகளில் ஆட்டம் போட்டார்கள். நம் மண்ணின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சுமந்த மனிதர் மீண்டும் வந்துவிட்டார் என்று பலருக்கும் பெருமை.

எனக்கு அந்தப் பெருமை வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

இந்த வேலை பெரும்பாலும் எப்படி நடக்கிறது? உயிரோடு இருக்கும் ஒருவர் பாட்டை முழுதாகப் பாடுகிறார். மறைந்தவரின் பழைய பதிவுகளைப் படித்துத் தேர்ந்த இயந்திரம், அந்தப் பாட்டின் மேல் அவருடைய குரல் நிறத்தைப் பூசுகிறது. எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லை இழுப்பது, எங்கே சிரிப்பது என்று முடிவு செய்தது பாடிய மனிதர். பெயர் மட்டும் மறைந்தவருக்கு. பீட்டில்ஸ் கடந்த ஆண்டு வெளியிட்ட 'நவ் அண்ட் தென்' வேறு சங்கதி. ஜான் லெனன் தானே பாடிப் பதிந்த ஒலிநாடாவிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கத்தான் அங்கே இயந்திரம் உதவியது. தூசி தட்டுவது ஒன்று, பொம்மை செய்வது வேறு.

வாசுதேவன் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இந்த வரி எனக்கு ஒத்து வரலை தம்பி" என்று சொல்லியிருக்கலாம். "இப்படிப் பாடிப் பார்க்கட்டுமா?" என்று வேறொரு சங்கதி போட்டிருக்கலாம். அந்த உரிமை இயந்திரக் குரலுக்கு இல்லை. மகன் சம்மதிக்கலாம், சம்பளம் போகலாம். முடியாது என்று சொல்லக்கூடிய ஆள் அங்கே இல்லை.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. 1977-இல் '16 வயதினிலே' படத்தில் பாட வேண்டியவர் எஸ்.பி.பி. தொண்டை சரியில்லாமல் போனதால் அவரால் வர முடியவில்லை. அதனால்தான் வாய்ப்பு வாசுதேவனுக்குப் போனது. இளையராஜா அழைத்தார், இவர் பாடினார், தமிழ்நாடு திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு இந்த இயந்திரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எஸ்.பி.பி.யின் குரலைப் பூசி வேலையை முடித்திருப்பார்கள். மலேசியாவிலிருந்து போன அந்த மனிதர் ஒலிப்பதிவுக் கூடத்து வாசலிலேயே நின்றிருப்பார். எந்தக் குரலை இன்று இயந்திரத்தில் வார்க்கிறார்களோ, அந்தக் குரல் நமக்குக் கிடைத்ததே ஓர் இருக்கை காலியானதால்தான். இன்றைக்கு அந்த இருக்கையில் மறைந்தவர்களை உட்கார வைத்தால், ஈப்போவிலோ சுங்கைப்பட்டாணியிலோ குரலை வைத்துக்கொண்டு காத்திருக்கும் பிள்ளை எங்கே உட்காருவான்?

சட்டமும் மெல்ல விழிக்கிறது. மார்ச் மாதம் அமெரிக்காவின் டென்னசி மாநிலம், கலைஞர்களின் குரலை இயந்திரப் போலியிலிருந்து காக்கச் சட்டம் இயற்றியது. ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் பாடகர் அரிஜித் சிங்கின் குரலுக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்கியது. உயிரோடு இருப்பவர்கள் வழக்குப் போடலாம். மறைந்தவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் குடும்பத்தாரும் ரசிகர்களான நாமும்தான்.

வேடிக்கை பாருங்கள். 'மனசிலாயோ' வந்த அதே செப்டம்பரில் 'லப்பர் பந்து' திரைக்கு வந்தது. ஷான் ரோல்டன் இசையமைத்த அந்தப் படத்தில், 1989-இல் வந்த 'பொன்மனச் செல்வன்' படத்தின் பழைய இளையராஜா பாட்டு ஒன்றை எடுத்து, தினேஷ் மட்டையோடு களமிறங்கும்போது ஒலிக்க விட்டார்கள். விஜயகாந்துக்காக வாசுதேவன் பாடிய பாட்டு. அரங்கமே எழுந்து ஆடியது. யாரும் எதையும் புதிதாகச் செய்யவில்லை. 35 ஆண்டுக்கு முன் அவர் பாடியதை அப்படியே போட்டார்கள், அவ்வளவுதான். மறைந்தவரை மதிப்பதற்கு அது போதும்.

இதை எழுதும் வேளையில் ஜாகிர் உசேன் மறைந்து சில நாட்களே ஆகின்றன. இவ்வாண்டு பிப்ரவரியில் ஒரே இரவில் மூன்று கிராமி வாங்கியவர், டிசம்பர் 15-இல் போய்விட்டார். அவற்றில் ஒன்று சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு. அதில் அவரோடு சங்கர் மகாதேவன் பாடுகிறார், விக்கு விநாயகராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா வாசிக்கிறார். இந்த வாரம் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நாளைக்கு யாராவது அவர் விரல்களையும் இயந்திரத்தில் வார்த்து, புதுப் பாட்டுக்குத் தாளம் போட வைக்கலாம். தாளம் பிசகாமல் இருக்கும். செல்வகணேஷ் ஒரு குறும்பு செய்தால் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

சரி, கேட்டவர்களுக்கு என் பட்டியல். ஆண்டின் ஐந்து: 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்', 'கௌபாய் கார்ட்டர்', 'அமர் சிங் சம்கிலா', 'நைட் ரெய்ன்', 'மெய்யழகன்'. ஆறாவதாக ஒன்று சேர்க்கலாம் என்றால் 'வள்ளியம்மா பேராண்டி'. சண்டைக்கு வருபவர்கள் தாராளமாக வரலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் அடுத்த பாட்டைத் தட்டும்போது, கீழே சின்ன எழுத்தில் பாடியவர் பெயர் இருக்கும். ஒரு நொடி நின்று அதைப் படியுங்கள். இதுவரை கேள்விப்படாத பெயராக இருந்தால் முழுப் பாட்டையும் கேளுங்கள். நன்றாக இருந்தால் எனக்கும் எழுதிப் போடுங்கள். அடுத்த டிசம்பர் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் ஒன்றாவது இருக்க வேண்டும்.